கூடத்தைத் திருப்பிக் கொடுக்கும் மரச்சாமான்

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் வீட்டுக்கு மரச்சாமான் செய்யக் கிளம்புகிறவர் முதலில் "கூடம் எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்பார். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, "விசேஷம்னா எத்தனை பேர் படுப்பீங்க?" காதுகுத்து, திவசம், தேர், பொங்கல் என்று வருஷத்தில் நாலைந்து தடவையாவது பாய் விரிக்கப்படுகிற தரை அது. ஒரு பாய்க்கு 6 அடி நீளம், 3 அடி அகலம் தேவை. 12க்கு 10 கூடத்தில் ஆறு பாய் விழும், நடக்க ஓர் அடி மிஞ்சும். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை உள்ளே கொண்டுவந்தால் ஒரு பாய் போச்சு. அதற்கு ஜோடியாக டீப்பாயும் கண்ணாடி அலமாரியும் வந்தால் இன்னொன்றும் போச்சு.

பழைய வீட்டில் இந்தச் சிக்கலே கிடையாது. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினார்கள். ஊஞ்சல் பலகையைக் கழற்றினால் கூடம் காலி. விளக்குக்கு மாடம், பாத்திரத்துக்குப் பரண், துணிக்குக் கொடி. இன்று 'மினிமலிஸ்ட்' என்று விற்கப்படுவதை அந்த வீடு பேர் வைக்காமலே செய்துகொண்டிருந்தது. பிறகு சீர்வரிசையில் கட்டிலும் பீரோவும் டிரெஸ்ஸிங் டேபிளும் வந்தன. அதே காலத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்து, முன்பே அகலம் குறைவான தெருவீட்டின் நடுவில் நீளவாக்கில் சுவர் எழும்பியது. சாமான் பெருத்தது, வீடு இளைத்தது.

அதனால் இந்த வட்டாரத்தில் இடம் மிச்சப்படுத்தும் சாமானுக்குத் தேவை நிச்சயம் உண்டு. ஆனால் 'சின்னதாக இருக்கிறது' என்று சொல்லி அதை விற்க முடியாது. விற்கிற பொருள் காலித் தரைதான். மேசையோ ஸ்டூலோ அந்தத் தரையை வாங்கித் தருகிற கருவி. வரைபடத்திலிருந்து விலைச்சீட்டு வரை எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வர வேண்டும்.

சுவரில் தொங்குகிற மடக்கு மேசையைத்தான் எல்லோரும் முதலில் வரைவார்கள். பலகை 900க்கு 500 மி.மீ., கீழே இரண்டு மடக்குத் தாங்கி, வேலை முடிந்தால் சுவரோடு சுவர். படத்தில் அழகாகவே இருக்கும். கணக்கைப் பார்ப்போம். மேசையின் வெளி விளிம்பில் ஒருவர் முழங்கையை ஊன்றினால் 30 கிலோ இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து தூரம் 500 மி.மீ. தாங்கியின் மேல் திருகுக்கும் கீழ்முனைக்கும் நடுவே 150 மி.மீ. அப்படியானால் மேல் திருகுகளைச் சுவரிலிருந்து பிடுங்குகிற இழுவை 30 பெருக்கல் 500 வகுத்தல் 150, அதாவது 100 கிலோ. பலகையின் சொந்தக் கனம் ஆறேழு கிலோ, அதற்குத் தனியாகப் பத்துப் பதினொன்று. பேசிக்கொண்டே யாராவது 60 கிலோ ஆள் விளிம்பில் உட்கார்ந்தால் 200 கிலோவைத் தாண்டும்.

செங்கல், சிமெண்ட் சுவரில் 10 மி.மீ. ராவல் பிளக் (திருகு பிடிக்கத் துளைக்குள் நுழைக்கும் குழல்) போட்டு நீளத் திருகாக முடுக்கினால் முதல் கணக்கு தாங்கிவிடும். காவிரி டெல்டாவின் பழைய சுவர் அப்படிப்பட்டதல்ல. மேலே ஒரு இஞ்ச் பூச்சு, உள்ளே சுண்ணாம்புக் காரை, சில இடங்களில் வெறும் மண்சாந்து. 50 மி.மீ. திருகில் பாதி பூச்சிலேயே நின்றுவிடும். எனவே தாங்கி பொருத்துவதற்கு முன்னால், மறைவாக வரப்போகிற இடத்தில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டு வெளியே வருகிற தூளைப் பாருங்கள். சிவப்புத் தூள் சீராக வந்தால் செங்கல், தைரியமாக மேலே போகலாம். வெள்ளைத் தூள் என்றால் காரை. துளையை இடம் மாற்றிச் செங்கலைத் தேட வேண்டும், அல்லது 3 அடி நீளச் சட்டம் ஒன்றை ஐந்து இடத்தில் முடுக்கி, அதன்மேல் தாங்கியைப் பொருத்த வேண்டும். பழுப்பு மண் கொட்டினால் டிரில்லை எடுத்துப் பையில் வைத்துவிடலாம். இதெல்லாம் சொந்த வீட்டுக்கு. வாடகைப் போர்ஷனில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் விடமாட்டார்.

ஆகவே இங்கே பாரம் தரைக்குப் போக வேண்டும். சுவரை நம்பக் கூடாது. சுவர் மேசைக்குப் பதிலாகச் செய்ய வேண்டியது, கதவுபோலத் திறக்கிற கால் வைத்த மேசை. சுவரோரம் நிற்கும் பெட்டிதான் அதன் உடல்: 900 மி.மீ. அகலம், 230 ஆழம், 735 உயரம். முன்பக்கம் 600 மி.மீ. பலகை பியானோ கீலில் (பலகை நீளத்துக்கும் ஓடும் ஒரே கீல்) தொங்கும். உடலின் முன்பக்க நடுவில் கீல் போட்ட ஒரு கால்சட்டம். அதை 90 டிகிரி திருப்பி, பலகையைத் தூக்கி அதன்மேல் படுக்க வைத்தால் 830 மி.மீ. ஆழத்துக்கு மேசை. மூடினால் ஒன்பது இஞ்ச்.

கால்சட்டத்தின் அகலம் 430 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 400 வைத்தால் பலகை 200 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 60 கிலோ ஆள் அந்த விளிம்பில் உட்கார்ந்தால் மேசையின் 20 கிலோ உடல் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். 430 வைத்தால் மயிரிழையில் தப்பும். உடலுக்குள் அரிசி டப்பாவோ புத்தகமோ இருந்தால் கவலையே இல்லை. 450க்கு மேல் போகவும் வழியில்லை, மடக்கும்போது உடலின் பாதி அகலத்தைத் தாண்டிவிடும்.

கீல் திருகிலும் ஒரு பொறி இருக்கிறது. தச்சர் பையில் எப்போதும் இருப்பது முக்கால் இஞ்ச் திருகு, அதாவது 19 மி.மீ. 18 என்று சொல்லி விற்கிற பிளைவுட் கையில் அளந்தால் பல நேரம் 17தான். கீலின் தகட்டைக் கழித்தாலும் திருகின் முனை பலகைமேல் ஒட்டிய மைக்காத் தாளைத் தொட்டு, அம்மைக் கொப்புளம்போல வரிசையாக எழுப்பிவிடும். 16 மி.மீ. திருகு தனியாக வாங்கி வைக்க வேண்டும். இதை வரைபடத்திலேயே எழுதாவிட்டால் நடக்காது.

பாரத்துக்கு அடுத்தபடி தண்ணீர். வெள்ளிக்கிழமையானால் வீட்டை அலசிவிடுகிற ஊர் இது. பிளைவுட்டின் வெட்டுமுனை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் அடிப்பக்கம் உப்பி, மைக்கா வாய் பிளக்கும். பலகை எதுவாக இருந்தாலும் தரையிலிருந்து 75 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும், துடைப்பமும் உள்ளே போகும். கீழே திருகி ஏற்றி இறக்கும் புஷ் நான்கு அவசியம். ஏனென்றால் பழைய சிவப்பு சிமெண்ட் தரை முற்றத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். மட்டம் பார்க்காமல் வைத்த மேசையில் டபரா தானாக நகரும். சுவருக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே அரை இஞ்ச் இடைவெளி விட வேண்டும். ஒட்டி வைத்தால் ஐப்பசியில் பின்பக்கம் பூசணம் பூக்கும், கரையானுக்கும் பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

பலகையைப் பொறுத்தவரை சிக்கனம் பார்க்க முடியாத இடம் பசை. ஓரளவு ஈரம் தாங்கும் என்று விற்கிற சாதாரண எம்.ஆர். பிளைவுட்டின் பசை யூரியா வகை, ஈரத்தை ரொம்ப நாள் தாங்காது. மரைன் பிளைவுட்டில் பீனால் வகைப் பசை, வெட்டுமுனையில் கரும்பழுப்புக் கோடாகத் தெரியும். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 710 முத்திரையைப் பாருங்கள். முத்திரையிலும் சந்தேகமிருந்தால் கையளவுத் துண்டை நாலைந்து மணி நேரம் கொதிக்க விடலாம். ஏடு பிரிந்தால் அது எதுவென்று தெரிந்துபோகும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். கழற்றி மாட்டுகிற சாமானில் இரண்டாம் தடவை திருகு பிடிக்காது, தண்ணீர் பட்டால் பிஸ்கட்.

மைக்காவை இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். செலவு குறைக்க மேல்பக்கம் மட்டும் ஒட்டினால் கீழ்ப்பக்கம் மட்டும் ஈரம் குடித்துக் காயும், பலகை ஒரு மழைக்காலத்தில் கிண்ணம்போல வளையும். தெரியாத பக்கத்துக்கு மலிவான நிறம் போதும், ஆனால் தடிமன் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வெள்ளை மேட் நிறம் படத்தில் எடுப்பாக இருக்கும். மஞ்சளும் எண்ணெயும் புழங்குகிற வீட்டில் மூன்றே மாதத்தில் அதன் கதை தெரிந்துவிடும். சாம்பல் கலந்த மரநிறம்தான் நிலைக்கிறது.

நாட்டு மரம் பற்றி ஒரு வார்த்தை. பூவரசும் வேம்பும் வாகையும் இங்கேயே கிடைக்கின்றன, ஸ்டூல் காலுக்குப் பூவரசு அருமை. ஆனால் அகலப் பலகை எதுவும் ஐப்பசிக்கும் சித்திரைக்கும் நடுவே அடிக்கு 3 மி.மீ. வரை அகலம் மாறும். சித்திரையில் இறுக்கமாகச் செய்த இழுப்பறை ஐப்பசியில் திறக்காது. ஐப்பசியில் செய்ததோ சித்திரையில் வாய் திறந்து நிற்கும். எனவே காலும் சட்டமும் மரத்தில், அகலமானது எல்லாம் பிளைவுட்டில். நாகப்பட்டினம், வேதாரண்யம் போகிற சாமானுக்கு மட்டும் திருகும் கீலும் 304 ஸ்டெயின்லெஸ். அங்கே உப்புக் காற்றில் இழுப்பறை ஓடுகிற சாதாரண சேனல் ஒரு வருஷத்திலேயே கரகரக்கும்.

இனி இந்த இடம் மிச்சப்படுத்தும் சாமான் வரிசையிலேயே டெல்டாவுக்கு மிகவும் பொருந்துகிற சாமான்: கொலுப்படி. ஒன்பது நாள் படி, மீதி நாள் ராக். ஐந்து படி தனித்தனி 'ப' வடிவம், சின்னது பெரியதற்குள் நுழையும். எல்லாம் உள்ளே போனால் 1200 மி.மீ. அகலம், ஒரு மீட்டர் உயரம், 200 மி.மீ. ஆழமுள்ள திறந்த ராக் ஒன்று சுவரோரம் நிற்கும். வெளியே இழுத்து வரிசையாக வைத்தால் ஐந்து படியும் சேர்ந்து ஒரு மீட்டர் ஆழம்.

இதன் அழகு, 8க்கு 4 அடி ஷீட் ஒன்றிலேயே முழுதும் முடிந்துவிடுவது. ஷீட்டின் 1220 மி.மீ. அகலத்தை 200 மி.மீ. பட்டிகளாக நீளவாக்கில் அறுத்தால் ஆறு வரும். ஐந்து அறுப்புக்கும் ரம்பம் தின்பது சுமார் 15 மி.மீ., மீதி 5 மி.மீ. ஓரம் சீவ. மேல்பலகைகள் 1200, 1154, 1108, 1062, 1016. பக்கப்பலகைகள் ஒவ்வொரு அளவிலும் இரண்டு: 980, 780, 580, 380, 180. முதல் பட்டியில் 1200ம் 1154ம். இரண்டாவதில் 1108, 1062, ஒரு 180. மூன்றாவதில் 1016, 980, 380. நான்காவதில் 980, 780, 580. ஐந்தாவதில் 780, 580, 380, 180, அதற்குப் பிறகும் அரை மீட்டர் மிஞ்சும். ஆறாவது பட்டியை 60 மி.மீ. அகலத்தில் மூன்றாகக் கிழித்தால் ஐந்து படிக்கும் முதுகுச் சட்டம்: 1160, 1114, 1068, 1022, 976. இந்தச் சட்டம் மேல்பலகையின் அடியில், பின்விளிம்பில் உட்கார வேண்டும். உள்ளே நுழைகிற படியின் தலை 180 மி.மீ. கீழே இருப்பதால் இடிக்காது. சட்டம் இல்லாவிட்டால் பெரிய படி தள்ளாடும்.

படிக்குப் படி 46 மி.மீ. குறைவது ஏன்? தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. பலகை 18, இரண்டு பக்கம் 36, கொஞ்சம் தளர்வுக்கு 4 என்று 40 மி.மீ. குறைத்து அறுப்பார்கள். வெறும் பலகையாக இருக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு முகத்திலும் மைக்கா ஒட்டியதும் பக்கம் ஒன்று 20 மி.மீ. ஆகிவிடும், படி பாதியில் சிக்கி நிற்கும், இழுத்தால் மைக்கா சுரண்டும். 46 வைத்தால் பக்கத்துக்கு 3 மி.மீ. தளர்வு கிடைக்கிறது, அடைமழையிலும் போய்வரும். பக்கப்பலகையின் உயரத்திலும் மைக்காவோடு சேர்ந்த 20 மி.மீ. ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ராக்காக மூடும்போது தட்டுக்குத் தட்டு இடைவெளி 180 மி.மீ.தான். வழக்கமான நாவல் அளவுப் புத்தகம் அதில் நிற்காது, படுக்க வைக்கலாம். செருப்பு, மருந்து டப்பா, பூஜைச் சாமான், பிள்ளைகளின் நோட்டு சரியாக இருக்கும். புத்தக அலமாரி என்று சொல்லி விற்றால் திட்டு வாங்க நேரும். முன்படி பின்படியைவிட அகலம் குறைவாக இருப்பது வெள்ளை வேட்டி விரித்ததும் தெரியாது. ஏழு படி கேட்பவர்களுக்கு உயரம் 1400 ஆகும். அதற்கு ஒரு ஷீட் போதாது, சுவரில் ஒரு கொக்கியும் வேண்டும்.

வரிசையில் மீதியுள்ள இரண்டு சாமானையும் சுருக்கமாக முடித்துவிடலாம். அடுக்கு ஸ்டூல்: 430 மி.மீ. உயரம், கால் ஐந்தாறு டிகிரி வெளியே சாய்ந்தது, ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 65 மி.மீ. கூடும். நான்கு ஸ்டூல் 625 மி.மீ.யில் அடங்கும். மூன்று கால் தள்ளாடாது, ஆனால் குழந்தை ஓரத்தில் ஏறினால் கவிழும், நான்கே வையுங்கள். பெட்டி பெஞ்சு: பாய், தலையணை போட. பின்பக்கம் 35 மி.மீ. காற்றுத் துளை ஆறு இல்லாவிட்டால் கார்த்திகையில் தலையணை நாறும்.

சுவரில் தூக்கி நிறுத்தும் கட்டிலை வரிசையில் சேர்க்காததற்குச் சுவர் மட்டும் காரணமில்லை. ஆறேகால் அடிக் கட்டில் எழுந்து நின்றால் அதன் தலை 7 அடியைத் தாண்டும். தாழ்வான அறையில் மின்விசிறி அங்கேதான் சுற்றுகிறது. தூக்கும் கேஸ் பிஸ்டன் ஃபோம் மெத்தையின் கனத்துக்குக் கணக்குப் போட்டது. இங்கே வீட்டில் இருப்பதோ இலவம்பஞ்சு மெத்தை. கனமானதைப் போட்டால் தூக்காது, அதற்கேற்ற பிஸ்டன் மாட்டிப் பிறகு மெத்தையை மாற்றினால் கட்டில் தரையில் படியாது.

வாசல்நிலையை மறந்து செய்த சாமான்கள் திண்ணையிலேயே நின்றுபோகும். பழைய நிலை இரண்டரை அடி அகலம், குனிந்து போகிற உயரம், அதையடுத்து ரேழியில் ஒரு திருப்பம். எல்லாமே கழற்றி மாட்டுகிற மாதிரி இருப்பது நல்லது. பிளைவுட்டின் வெட்டுமுனையில் நேராகத் திருகினால் ஏடு பிளக்கும். குறுக்கே உருளை நட்டு போட்டு, 6 மி.மீ. போல்ட்டால் இணைக்க வேண்டும். வரிசை முழுதுக்கும் ஒரே போல்ட், ஒரே 4 மி.மீ. அலன் சாவி (அந்த போல்ட்டை முடுக்கும் அறுகோணச் சாவி). சாமானுக்குச் சாமான் வேறு திருகு வைத்தால் உதிரிப்பாகக் கணக்கே தலைவலியாகிவிடும்.

விற்பனைக்கு வருவோம். தஞ்சாவூர்க் கடைவீதியில் மரச்சாமான் வாங்க வருகிறவர் முதலில் முட்டியால் தட்டிப் பார்ப்பார், அடுத்து ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பார். கனம்தான் தரம் என்பது இங்கே ஊறிப்போன கணக்கு. "லேசா இருக்கே தம்பி, தாங்குமா?" என்று கேட்கிற அம்மாவிடம் பீனால் பசையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மேசையை விரித்து, கடைப் பையன் அதன்மேல் ஏறி நின்றால் பேச்சு முடிந்தது. ஏறி நிற்க முடியாத சாமானைக் கடையில் வைக்காதீர்கள்.

சீர் வாங்க வருகிறவர்களிடம் இந்த வரிசையைக் காட்டவே வேண்டாம். சீர் என்பது ஊர் பார்க்க லாரியில் வருவது, அங்கே பெரிதாக இருப்பதுதான் விஷயம். இந்தச் சாமானின் ஆட்கள் வேறு: மாற்றலாகி வந்த வங்கி ஊழியர், மருத்துவமனை வேலைக்காக அறை எடுத்திருக்கும் செவிலியர், பாகம் பிரிந்த வீட்டில் எட்டடி அகலத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். மாற்றலாகிப் போகிறவருக்குக் கழற்றி எடுத்துப்போகலாம் என்பதுதான் முதல் வரி. பாகம் பிரிந்தவருக்கு, விசேஷத்துக்கு எத்தனை பாய் விழும் என்பது.

வீட்டுக்குப் போய் அளக்கும்போது பொட்டலம் கோலமாவு ஒன்று பையில் இருக்கட்டும். இப்போதிருக்கிற மேசையின் அளவையும் மூடிய நிலையில் புது மேசையின் அளவையும் தரையில் கோடாகப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடத்தை வீட்டுக்காரம்மா காலால் நடந்து பார்ப்பார். அதற்கப்புறம் விளம்பரம் தேவைப்படாது. படமும் அப்படித்தான்: ஒரே மூலை, ஒரே கோணம், மூடியது ஒன்று, விரித்தது ஒன்று. விரித்ததில் இலை போட்டிருக்கட்டும், மூடியதில் பாய் விரித்திருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் சீட்டில் மூடிய அளவு, விரித்த அளவு, கனம், எந்த வாசல்நிலையில் நுழையும், சுவரில் துளை வேண்டுமா இல்லையா என்பவை இருந்தால் பாதிக் கேள்வி குறையும்.

காலம் பார்த்துத்தான் இங்கே காசு புரளும். சம்பா அறுத்து நெல் கொள்முதல் பணம் கைக்கு வரும் தை, மாசியில் பெரிய சாமான் நகரும். பள்ளி, கல்லூரி திறக்கிற வைகாசி, ஆனியில் மேசையும் ஸ்டூலும். கொலுப்படியை ஆவணி முதல் வாரத்திலேயே கடை முகப்பில் விரித்து வைக்க வேண்டும். புரட்டாசியில் ஆர்டர் எடுத்தால் செய்து முடிப்பதற்குள் நவராத்திரி போய்விடும். ஆடியிலும் மார்கழியிலும் புதுச்சாமான் வீட்டுக்குள் வராது. ஆடியில் காற்று நன்றாக இருக்கும், மைக்கா ஒட்டி இருப்பு வைக்க அதைவிட நல்ல மாதம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பசை காய இரண்டு மடங்கு நேரமாகும். அந்த மாதங்களில் அவசர ஆர்டர் எடுக்கிறவர் அடுத்த சித்திரையில் பழுதுபார்க்கப் போகத் தயாராக இருக்கட்டும்.

விலை போடுவதில் விட்டுப்போகிறவை எப்போதும் ஒரே மாதிரியானவைதான். பொருளும் கூலியும் 100 ரூபாய் என்றால், அட்டையும் தெர்மோகோலும் ஒரு 5, வேனும் பொருத்துகிற ஆளும் 10, திரும்பப் போய்ச் சரிசெய்வதற்கு 5 என்று 120 ஆன பிறகுதான் லாபத்தைச் சேர்க்க வேண்டும். மரச்சாமானுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் அதன்மேல். வெளியூருக்கு அனுப்பும்போது பல கூரியர்கள் எடைக்குப் பதிலாகப் பெட்டியின் அளவைக் கணக்கிடுகின்றன: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது. அடுக்கிய நான்கு ஸ்டூல் 40க்கு 40க்கு 65 பெட்டியில் போனால் 20.8 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். காலைக் கழற்றித் தட்டையாக 45க்கு 35க்கு 20 பெட்டியில் வைத்தால் 6.3. உண்மையான எடை அதைவிடக் கூட இருக்கும் என்பதால் எடைக்குத்தான் கட்டுவோம், காற்றுக்கு இல்லை.

கொடுத்த சாமானை முதல் ஐப்பசி கழிந்து ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். போல்ட் கால் சுற்று தளர்ந்திருக்கும், புஷ் ஒன்றை ஏற்ற வேண்டியிருக்கும், பத்து நிமிட வேலை. அலன் சாவியை மட்டும் வீட்டுக்காரர் கையில் கொடுக்காதீர்கள், தொலைந்துவிடும். மேசைப் பலகையின் அடியில் சின்னக் காந்தம் பதித்து அதில் ஒட்டி வையுங்கள்.